ஆற்றோரப் பாறையில் டைனோசர் தடங்கள்

கனெக்டிகட் ஆற்றுப் பள்ளத்தாக்கில் டைனோசரின் எலும்பு கிடைப்பது மிக அரிது. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் கனெக்டிகட் மாநிலத்திலும் நீளும் அந்தப் பள்ளத்தாக்கில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கல் வெட்டியிருக்கிறார்கள், சாலைக்கும் ரயில் பாதைக்கும் பாறையைத் தகர்த்திருக்கிறார்கள். அத்தனைக்கும் பிறகு, விரல் விட்டு எண்ணிவிடும் அளவுக்கே எலும்புக்கூடுகள் கிடைத்திருக்கின்றன. காலடித் தடங்களோ ஆயிரக்கணக்கில் கிடைத்தன, இன்றும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. உடல் என்னவாயிற்று என்று தெரியாத விலங்குகள் நடந்துபோன வழி மட்டும் தெரிகிற நிலம் அது. அங்கே போகிறவர்கள், அருங்காட்சியகத்தில் எலும்புக்கூட்டைப் பார்க்கப் போகும் மனநிலையோடு போகக்கூடாது என்பதே நான் சொல்ல விரும்புவது. எலும்புக்கூடு தானாகவே கண்ணில் படும். தடத்தை நாம்தான் படித்தறிய வேண்டும். அதுவும், கல் சொல்லாத எதையும் அதன் வாயில் திணிக்காமல் படிக்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரின் வடக்கே, 5ஆம் எண் நெடுஞ்சாலைக்கும் ஆற்றுக்கும் இடையில் அப்படியொரு பாறைச் சரிவு இருக்கிறது. நுழைவாயில், கட்டணச்சீட்டு, கண்ணாடித் தடுப்பு எதுவும் கிடையாது. சாலையோரம் சில வண்டிகள் நிறுத்த இடமும், ஒரு அறிவிப்புப் பலகையும், மரங்களுக்கிடையே இறங்கும் சிறு பாதையும் உண்டு, அவ்வளவுதான். இயற்கை இடங்களைப் பாதுகாக்கும் டிரஸ்டீஸ் ஆஃப் ரிசர்வேஷன்ஸ் என்ற அறக்கட்டளை அதைப் பராமரிக்கிறது. பனிக்காலத்தில் மூடிவிடுகிறார்கள். பாதை முடியும் இடத்தில் மணற்கல் பாளம் பாளமாகக் கிழக்கே ஆற்றை நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது. பின்னால் லாரிகள் விரையும் சத்தம் ஓயாமல் கேட்கும். இவ்வளவு பெரிய விஷயம் இப்படிச் சாலையோரத்தில் திறந்து கிடப்பது எனக்கு முதலில் கவலையளித்தது. பிறகு, யார் வேண்டுமானாலும் வந்து, குனிந்து, விரலால் தொட்டுப் பார்க்கலாம் என்பது அதைவிடப் பெரிய பேறாகத் தோன்றியது.

போன உடனே தடங்கள் தெரிந்துவிடுவதில்லை. நான் நண்பகலில் போனபோது பாறை வெறும் பாறையாகவே இருந்தது. ஆங்காங்கே மழைநீர் தேங்கிய பள்ளங்கள் தெரிந்தன, அவ்வளவே. அந்தப் பள்ளங்களில் ஒன்றின் ஓரத்தில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், நீர் நின்ற பகுதிக்கு மூன்று கிளைகள் இருப்பது புலப்பட்டது. ஒன்றைக் கண்டுகொண்ட பிறகு அடுத்தது எங்கே இருக்கும் என்று கண் தானாகவே தேடுகிறது; ஓர் எட்டு தள்ளி அது இருக்கவும் செய்கிறது. மாலையில் வெயில் சாய்ந்து பாறையின் மேல் கிடைமட்டமாக விழத் தொடங்கியதும் நிலைமையே மாறிவிட்டது. ஒவ்வொரு தடத்தின் ஒரு விளிம்பில் நிழலும் மறு விளிம்பில் வெளிச்சமும் நின்றன; நண்பகலிலிருந்து மிதித்துவிடக்கூடாதே என்று நாங்கள் விலகி நடந்த இடங்களைவிட, சாதாரணமாக நின்றுகொண்டிருந்த இடங்களில்தான் தடங்கள் அதிகம் இருந்தன என்பது அப்போது தெரிந்தது. தடம் பார்க்கப் போகிறவர்கள் காலையிலோ மாலையிலோ போக வேண்டும் என்பதும், ஒரு புட்டி நீர் கையில் இருந்தால் உலர்ந்த பாறையை நனைத்துப் பார்க்கலாம் என்பதும் அந்த இடம் கற்றுக்கொடுத்த பாடங்கள்.

என் மகள் ஒரு தடத்தின் அருகில் மண்டியிட்டு, "அப்பா, இது இடது காலா, வலது காலா?" என்று கேட்டாள். கல்லிலேயே விடை இருக்கிறது. முப்பது சென்டிமீட்டருக்கும் மேல் நீளமுள்ள அந்தத் தடத்தில் மூன்று விரல்கள் முன்னோக்கி விரிந்திருந்தன. விரல்களின் அடியில் இருந்த சதைப்பற்றான மெத்தைகள் சேற்றில் அழுந்திய குழிவுகள் தனித்தனியே தெரிந்தன. இந்த வகைத் தடங்களில் உட்புற விரலுக்கு இரண்டு மெத்தைகளும், நடு விரலுக்கு மூன்றும், வெளிப்புற விரலுக்கு நான்கும் இருக்கும். அவை விரலெலும்புகளின் மூட்டுகளை ஒட்டி அமைந்தவை. இரண்டு குழிவுள்ள விரல் இடப்பக்கம் இருந்தால் அது வலது கால். அவள் சுட்டு விரலை ஒவ்வொரு குழிவிலும் வைத்து எண்ணி, "வலது கால்" என்றாள். விரல் நுனிகளில் நகம் குத்திய கூர்மையான பள்ளமும் இருந்தது. அந்தக் கூர்நகமும், ஒடுங்கிய மூன்று விரலும், ஒரே கோட்டில் அடிவைத்ததுபோல் அமைந்த நடையும் சேர்ந்தால், இரண்டு காலில் நடந்த ஊனுண்ணி டைனோசர் வகையான தெரோபாட் என்று சொல்லலாம். அதற்கு மேல், இன்ன பெயருடைய இன்ன விலங்கு என்று சொல்வதற்குத் தடம் இடம் தருவதில்லை.

அதனால்தான் தடங்களுக்குத் தனிப் பெயர் வைக்கிறார்கள். பெரியவை யூப்ரான்டிஸ், நடுத்தரமானவை ஆங்கிசாரிபஸ், சிறியவை கிரலேட்டர். இவை விலங்கின் பெயர்கள் ஆகமாட்டா. தடத்தின் வடிவத்துக்கு இடப்பட்ட பெயர்கள். ஒரே விலங்கு ஈரச் சேற்றில் ஒரு மாதிரியும் இறுகிய சேற்றில் வேறு மாதிரியும் தடம் பதிக்கும். ஒரே இனத்தின் குஞ்சும் வளர்ந்ததும் வேறுபட்ட தடங்களை விட்டுச் செல்லலாம். மேலே சொன்ன மூன்றும் ஒரே வகை உடலமைப்பின் வளர்ச்சிப் படிகளாகவும் இருக்கக்கூடும் என்று பால் ஓல்சன் போன்ற ஆய்வாளர்கள் அளவீடுகளோடு வாதிட்டிருக்கிறார்கள். கால் பெரிதாகப் பெரிதாக, நடு விரல் மற்ற இரண்டையும் தாண்டி நீளும் அளவு குறைந்துகொண்டே போவதை ஹோலியோக் பாறையில் நாமே பார்க்கலாம். சிறிய தடத்தில் நடு விரல் ஈட்டிபோல் முன்னே நிற்கிறது. பெரியதில் மூன்றும் ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கின்றன.

இந்தத் தடங்கள் எப்படிப் பிழைத்தன என்பதற்கு அந்தப் பள்ளத்தாக்கின் பிறப்பையே கொஞ்சம் சொல்ல வேண்டும். பாஞ்சியா என்ற ஒற்றைப் பெருங்கண்டம் விரிசல் விடத் தொடங்கியபோது, பின்னாளில் அட்லாண்டிக் பெருங்கடலாக விரிந்த பிளவுக்குப் பக்கத்திலேயே பல சிறு பிளவுகளும் தோன்றின. அவை கடலாகாமல் பாதியிலேயே நின்றுவிட்டன. கனெக்டிகட் பள்ளத்தாக்கு அப்படி நின்றுபோன ஒரு பிளவு. அதன் கிழக்கு விளிம்பு மெல்ல மெல்லக் கீழிறங்க, சுற்றியிருந்த மலைகளிலிருந்து ஆறுகள் மணலையும் வண்டலையும் கொண்டுவந்து அந்தத் தாழ்வை நிரப்பிக்கொண்டே இருந்தன. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன்பு எரிமலைக் குழம்பு பலமுறை வழிந்து பரவியது. இன்று ஹோலியோக் மலைத்தொடராக நிற்பது அந்தக் குழம்பு இறுகிய பசால்ட்டே. அக்காலத்தில் இந்த நிலம் நிலநடுக்கோட்டுக்கு இன்றைவிட மிக அருகில், வெப்ப மண்டலத்தில் இருந்தது. மழைப் பருவமும் வறண்ட பருவமும் மாறி மாறி வந்தன. ஏரிகள் பெருகிச் சுருங்கின. புவியின் அச்சு மெதுவாகத் தள்ளாடுவதால் ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை தட்பவெப்பம் மாறுவதற்கேற்ப அந்த ஏரிகளின் ஆழமும் மாறியது. அந்தச் சுழற்சி பாறை அடுக்குகளில் கறுப்பு, சாம்பல், சிவப்பு எனப் பட்டைபட்டையாகப் பதிந்திருக்கிறது.

சுருங்கும் ஏரியின் கரையில்தான் தடத்துக்கேற்ற சேறு கிடைக்கும். சேறு மிகவும் இளகியிருந்தால் கால் எடுத்தவுடன் பள்ளம் மூடிக்கொள்ளும். மிகவும் உலர்ந்திருந்தால் அழுந்தவே அழுந்தாது. இரண்டுக்கும் இடைப்பட்ட பதத்தில் விலங்கு நடந்திருக்க வேண்டும். பிறகு அது வெயிலில் காய்ந்து இறுக வேண்டும். அடுத்த வெள்ளம் அதை அரித்துக்கொண்டு போகாமல், மேலே மெல்லிய வண்டலை மூடிவிட்டுப் போக வேண்டும். மூடியதும் மூடப்பட்டதும் ஒரே மாதிரி மணலாக இருந்தால் கல்லான பிறகு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். சிறிதாவது வேறுபட்டிருந்தால்தான் பின்னாளில் பாறை அந்த இடத்தில் பிளந்து தடத்தைக் காட்டும். பிளக்கும்போது கீழ்ப் பாளத்தில் பள்ளமும் மேல் பாளத்தில் அதற்கு நேரான புடைப்பும் கிடைக்கும். விலங்கின் எடை, மிதித்த பரப்புக்குக் கீழுள்ள அடுக்குகளையும் வளைத்துவிடுவதால், கால் நேரடியாகப் படாத அடுக்கிலும் மங்கலான தடம் உண்டாகும். நாம் காணும் தெளிவற்ற தடங்களில் பல அப்படிப்பட்ட அடித்தடங்களே. இவ்வளவு நிபந்தனைகளும் கூடிவந்த இடத்தில் எலும்பு மட்டும் தப்பாமல் போனதற்கு, காற்றோட்டமுள்ள அந்தச் செம்மண் வண்டலில் உடல்கள் சிதைந்து மறைந்ததும் ஒரு காரணம். பாறையின் சிவப்பு நிறமும் அதே கதையைச் சொல்கிறது. அது ஆக்சிஜனோடு கலந்த இரும்பின் நிறம்.

இந்தத் தடங்களை முதலில் கண்டவர்கள் பேராசிரியர்கள் இல்லை. 1802இல், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சவுத் ஹேட்லியில், பிளைனி மூடி என்ற சிறுவன் தன் தந்தையின் நிலத்தை உழுதுகொண்டிருந்தபோது கலப்பையில் ஒரு கற்பாளம் சிக்கியது. அதில் பறவைக் காலடிபோல மூன்று விரல் தடங்கள் வரிசையாக இருந்தன. அந்தக் கல்லை வீட்டு வாசற்படியாகப் போட்டார்கள். பின்னர் அதை வாங்கிய ஒருவர், பைபிள் கதையில் வரும் நோவாவின் பேழையிலிருந்து பறந்துபோன அண்டங்காக்கையின் தடம் அது என்று வேடிக்கையாகச் சொல்ல, அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. டைனோசர் என்ற சொல்லே 1842இல்தான் ரிச்சர்ட் ஓவன் உருவாக்கியது என்பதால், 1802இல் வேறு என்னதான் சொல்லியிருக்க முடியும்? அந்தப் பாளம் இன்று ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் பெனெஸ்கி அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அடுத்த அத்தியாயம் 1835இல் கிரீன்ஃபீல்ட் என்ற ஊரில் தொடங்குகிறது. நடைபாதைக்காகக் கொண்டுவந்து இறக்கிய கற்பலகைகளில் விசித்திரமான காலடிகள் இருப்பதை அங்கே வேலை செய்த டெக்ஸ்டர் மார்ஷ் கவனித்தார். அவர் கூலி வேலை செய்து பிழைத்தவர். செய்தி ஊர் மருத்துவர் ஜேம்ஸ் டீனுக்குப் போயிற்று. டீன் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிப் பேராசிரியர் எட்வர்ட் ஹிட்ச்காக்குக்குக் கடிதம் எழுதினார். அவர் தயங்கியபோது, தடத்தின் வார்ப்பை எடுத்தும் அனுப்பினார். ஹிட்ச்காக் நேரில் வந்து பார்த்த பிறகு வாழ்நாளின் எஞ்சிய பகுதியை இந்தத் தடங்களுக்கே கொடுத்தார். 1836இல் அவர் வெளியிட்ட கட்டுரையே இந்தத் துறையின் தொடக்கம். ஹோலியோக் சாலையோரப் பாறையும் அதில் விவரிக்கப்பட்ட இடங்களில் ஒன்று. பிற்பாடு கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்பதில் டீனுக்கும் ஹிட்ச்காக்குக்கும் பத்திரிகைகளிலேயே கசப்பான வாக்குவாதம் நடந்தது. அந்தச் சண்டையை நான் படித்தபோதெல்லாம் மனம் மூன்றாமவர் பக்கமே போயிற்று. டெக்ஸ்டர் மார்ஷ் தன் எஞ்சிய வாழ்நாளில், படகில் ஆற்றோரமாகப் போய்ப் போய்ப் பாளங்களைத் தேடி எடுத்து, தன் வீட்டிலேயே ஒரு காட்சிக்கூடம் அமைத்தார். கிரீன்ஃபீல்ட் தடங்களை முதலில் கவனித்த கண் அவருடையது. அந்தக் கண்ணுக்கு உரிய இடம் வரலாற்றில் இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஹிட்ச்காக் அவற்றைப் பறவைகளின் தடம் என்றே நம்பினார். பாதிரியாராகவும் இருந்தவர், இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் மனிதனைவிட உயரமான, பறக்காத பறவைகள் கூட்டம் கூட்டமாக நடந்தன என்று எழுதினார். நியூசிலாந்தில் மோவா என்ற மாபெரும் பறவையின் எலும்புகள் கிடைத்து, ஓவன் அதை விவரித்தபோது, அவ்வளவு பெரிய பறவை இருக்க முடியுமா என்று கேட்டவர்களின் வாய் அடைந்தது. 1858இல் ஹிட்ச்காக் வெளியிட்ட பெருநூலில், பள்ளத்தாக்கின் தடங்களை ஒவ்வொன்றாக அளந்து, வரைந்து, வகைப்படுத்தியிருக்கிறார். அதே 1858இல் நியூ ஜெர்சியில் கிடைத்த ஹாட்ரோசாரஸ் எலும்புகள், டைனோசர்களில் சில இரண்டு காலில் நின்றிருக்கக்கூடும் என்று முதன்முறையாகக் காட்டின. 1861இல் ஜெர்மனியில், பறவைபோல் இறகும் ஊர்வனபோல் பல்லும் நீண்ட எலும்பு வாலும் கொண்ட ஆர்க்கியாப்டெரிக்ஸ் கிடைத்தது. 1864இல் ஹிட்ச்காக் இறந்தார். பறவைகள் தெரோபாட் டைனோசர்களின் வழிவந்தவை என்பது இன்று ஏற்கப்பட்ட உண்மை. பெரும் பறவைகள் என்று அவர் எழுதியது பிழை. ஆனால் அந்தக் கால்களில் பறவையைக் கண்ட அவருடைய கண் பிழைபடவில்லை. பெயர் தெரியாத நிலையில் வடிவத்தை உள்ளபடி அளந்து வைத்ததால்தான், பெயர் மாறிய பிறகும் அவருடைய அளவுகள் பயன்படுகின்றன. தடம் படிப்பதற்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

பெனெஸ்கி அருங்காட்சியகத்தில் ஹிட்ச்காக் திரட்டிய பாளங்களைச் சுவரோடு சுவராக நிறுத்தி, பக்கவாட்டிலிருந்து விளக்கு போட்டிருக்கிறார்கள். திறந்த வெளியில் மாலைக்காகக் காத்திருக்க வேண்டிய வெளிச்சம் அங்கே நாள் முழுவதும் கிடைக்கிறது. தடங்களைவிட அவற்றைச் சுற்றியிருந்தவையே என்னை நெடுநேரம் நிறுத்தின. ஒரு பாளத்தில் சேறு காய்ந்து வெடித்த வெடிப்புகள். இன்னொன்றில் மழைத்துளி விழுந்த சிறு குழிகள், ஒவ்வொன்றுக்கும் மெல்லிய விளிம்போடு. ஓரிடத்தில் ஒரு டைனோசர் உட்கார்ந்து எழுந்த தடம் இருக்கிறது: இரண்டு பாதங்களும் குதிகால்வரை பதிந்திருக்க, பின்னால் உடல் ஊன்றிய வடு. அந்த வடுவின் ஓரத்தில் தெரியும் மெல்லிய கோடுகளை இறகின் பதிவு என்று 1990களில் ஓர் ஆய்வாளர் வாதிட்டார். உடல் அசைந்தபோது சேறு இழுபட்டதால் ஏற்பட்ட கோடுகளே அவை என்று வேறு சிலர் மறுத்தார்கள். நான் அந்தக் கோடுகளைக் கண்ணாடிக்கு மிக அருகில் போய்ப் பார்த்தேன். இறகு என்று நினைத்துப் பார்த்தால் இறகாகவும், சேறு என்று நினைத்துப் பார்த்தால் சேறாகவும் தெரிகிறது. அங்கே மறுப்பவர்கள் பக்கமே நிற்பது முறை என்று நினைக்கிறேன்; சேறு அங்கே இருந்தது நிச்சயம், இறகு இருந்ததற்கு வேறு சான்று வேண்டும்.

எலும்பு கிடைத்த அரிய கதையும் இந்தப் பள்ளத்தாக்கில் உண்டு. 1910இல், மவுண்ட் ஹோலியோக் கல்லூரியின் புவியியல் பேராசிரியர் மிக்னன் டால்பட், கல்லூரிக்கு அருகில் நடந்துகொண்டிருந்தபோது ஒரு கல்லில் சிறு எலும்புக்கூட்டைக் கண்டார். அடுத்த ஆண்டு அதற்குப் போடோக்கிசாரஸ் ஹோலியோகென்சிஸ் என்று பெயரிட்டார். டைனோசருக்குப் பெயரிட்ட முதல் பெண் அவர். கல்லூரியின் அறிவியல் கட்டடத்தில் வைத்திருந்த அந்த எலும்பு 1917இல் நேர்ந்த தீ விபத்தில் அழிந்துவிட்டது. அதற்கு முன்பே எடுத்துவைத்த வார்ப்புகள் மட்டும் பிழைத்திருக்கின்றன. அது மெலிந்த, சிறிய தெரோபாட். சிறிய கிரலேட்டர் தடங்களைப் பதித்த விலங்கு அதைப்போல் இருந்திருக்கும் என்பது பொருத்தமான ஊகம். பெரிய யூப்ரான்டிஸ் தடத்துக்கு டைலோஃபோசாரஸ் என்ற பெரிய தெரோபாட்டைக் காட்டுகிறார்கள். ஆனால் அதன் எலும்பு கிடைத்தது வெகுதொலைவிலுள்ள அரிசோனாவில். கால் அளவும் காலமும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றன என்பது வரை சரி. இந்தப் பாறையில் நடந்தது அதுவேதான் என்று சிறுவர் நூல்கள் சொல்லும்போது மனம் ஒப்பவில்லை.

இனி ஹோலியோக் பாறையை உலகம் முழுவதும் பேசவைத்த கேள்விக்கு வருகிறேன். 1972இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஜான் ஆஸ்ட்ரம் இந்தச் சரிவை வரைபடமாக்கினார். டைனானிகஸ் என்ற வேகமான டைனோசரை விவரித்து, பறவைகளுக்கும் டைனோசர்களுக்கும் உள்ள உறவை மீண்டும் விவாதத்துக்குக் கொண்டுவந்தவர் அவரே. இங்கே 134 தடங்களை எண்ணி, அவற்றை 28 நடைவரிசைகளாகப் பிரித்தார். அவற்றில் ஏறத்தாழ 20 வரிசைகள் ஒன்றுக்கொன்று இணையாக மேற்கு நோக்கிப் போயின. தனித்தனியே திரிந்த விலங்குகளாக இருந்தால் திசைகள் சிதறியிருக்கும். எனவே இவை கூட்டமாக நடந்திருக்கலாம் என்று அவர் வாதிட்டார். டைனோசர்கள் மந்தபுத்தியுள்ள தனித்த பல்லிகள் என்ற எண்ணம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. ஊனுண்ணிகள் கூட்டமாக வாழ்ந்தன என்பதற்கு இந்தப் பாறை சான்றாகப் பல நூல்களில் இடம்பெற்றது.

பாறையின் மேல் நின்று பார்க்கும்போது அந்த வாதத்தின் வலிமை புரிகிறது. பெரிய தடங்களில் பெரும்பாலானவை சரிவில் ஏறிப் போவதுபோல் மேற்கே திரும்பியிருக்கின்றன. நடந்தபோது அது சமதளம். பாறை சாய்ந்தது பின்னாளில். ஆனால் அதே அடுக்குகளில் இன்னொன்றும் இருக்கிறது: ஏரி அலை மணலில் வரைந்த நெளிகோடுகள். அலைக்கோடுகள் பெரும்பாலும் கரைக்கு இணையாக அமையும். அவற்றைக்கொண்டு கரை எந்தத் திசையில் ஓடியது என்று கணித்த பிற்கால ஆய்வாளர்கள், தெரோபாட்டுகள் கரையோரமாகவே நடந்திருக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார்கள். கரை ஒன்றாக இருந்தால், வெவ்வேறு நாளில் தனித்தனியே வந்த விலங்குகளும் ஒரே திசைக்கோட்டில்தான் நடந்திருக்கும். இரண்டாவது விளக்கமே எனக்கு நெருக்கமாகப் படுகிறது. கூட்டமாக நடந்திருந்தால், பக்கத்துப் பக்கத்து வரிசைகளின் இடைவெளி ஒரே சீராக இருக்கும், ஒன்று வளையும்போது மற்றதும் வளையும் என்று எதிர்பார்க்கலாம்; பாறையில் அப்படி ஒன்றையும் என்னால் காண முடியவில்லை. கூட்டம் இருந்ததே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அதை நிறுவ இந்தப் பாறை மட்டும் போதாது என்பதே பொருள்.

தடத்திலிருந்து தோராயமாகவேனும் கணக்கிடக்கூடிய ஒன்று உண்டு: வேகம். 1976இல் ராபர்ட் மெக்நீல் அலெக்சாண்டர், இன்று வாழும் விலங்குகளின் நடையை அளந்து, எட்டின் நீளத்துக்கும் இடுப்பின் உயரத்துக்கும் வேகத்துக்கும் உள்ள தொடர்பை ஒரு சூத்திரமாக்கினார். பாதத்தின் நீளத்தை நான்கால் பெருக்கினால் இடுப்பின் உயரம் தோராயமாகக் கிடைக்கும். 35 சென்டிமீட்டர் பாதம் என்றால் இடுப்பு 1.4 மீட்டர். ஒரே கால் அடுத்தடுத்து பதிந்த இரு தடங்களுக்கு இடையே 2.2 மீட்டர் இருந்தால், விலங்கு மணிக்கு ஏறத்தாழ 7 கிலோமீட்டர் வேகத்தில் போயிருக்கிறது. மனிதர் வேகமாக நடக்கும் வேகத்தைவிடச் சற்றே கூடுதல். திரைப்படங்களில் எப்போதும் பாய்ந்து துரத்தும் விலங்குகள், கல்லில் பெரும்பாலும் நிதானமாக நடந்துபோகின்றன. வாழ்நாளின் பெரும்பகுதியை எந்த விலங்கும் நடந்தே கழிக்கிறது என்பதால் இதில் வியப்பில்லை. ஆனாலும் நாடாவைப் பாறைமேல் விரித்து நாமே அளந்து கணக்கிடும்போது அந்த எண் தரும் மகிழ்ச்சி தனி.

ஆற்றோடு தெற்கே போனால், கனெக்டிகட் மாநிலத்தில் ராக்கி ஹில் என்ற ஊர் வருகிறது. 1966 ஆகஸ்டில் அங்கே ஓர் அரசுக் கட்டடத்துக்காக நிலத்தைத் தோண்டியபோது, புல்டோசர் ஓட்டுநர் ஒருவர் புரட்டிய பாளத்தில் மூன்று விரல் தடங்களைக் கண்டு வேலையை நிறுத்தினார். கட்டடம் வேறிடம் போயிற்று. அந்த இடம் டைனோசர் மாநிலப் பூங்கா ஆனது. ஏறத்தாழ 2,000 தடங்கள் வெளிப்பட்டன. அவற்றில் 500 தடங்களின் மேல் ஒரு குவிமாடம் கட்டி, சுற்றி நடைமேடை போட்டிருக்கிறார்கள். மற்ற 1,500 தடங்களை மீண்டும் மண்ணிட்டு மூடிவிட்டார்கள். மூடியது பலருக்கு ஏமாற்றமளிக்கிறது. எனக்கோ அந்தப் பூங்காவில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே சிறந்தது அதுதான் என்று தோன்றுகிறது. பனிக்காலத்தில் மணற்கல்லின் நுண்துளைகளுக்குள் நீர் புகுந்து உறைந்து விரிகிறது. ஒவ்வோர் ஆண்டும் மேற்பரப்பு துகள் துகளாக உதிர்கிறது. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் பத்திரமாக இருந்த தடம், திறந்துவிட்டால் சில தலைமுறைகளிலேயே மங்கிவிடும். ஹோலியோக் பாறையில் அது கண்முன்னே நடந்துகொண்டிருக்கிறது.

குவிமாடத்துக்குள் இன்னொரு விவாதத்துக்கு உரிய தடங்களும் உண்டு. சில இடங்களில் பாதம் முழுதாகப் பதியாமல், விரல் நுனிகள் மட்டும் கீறியிருக்கின்றன. 1980இல் வால்டர் கூம்ப்ஸ் என்ற ஆய்வாளர், ஆழமான நீரில் மிதந்தபடி நுனிவிரலால் தரையை உந்திப் போன டைனோசரின் தடம் அது என்று எழுதினார். ஊனுண்ணி டைனோசர்கள் நீருக்கு அஞ்சின, அதனால் இரைகள் ஏரிக்குள் ஓடித் தப்பின என்ற பழைய கருத்தை அது அசைத்தது. இறுகிய தரையில் நடந்தாலும் நுனி மட்டுமே பதியலாம் என்று பின்னர் மாற்றுக் கருத்தும் எழுந்தது.

அங்கே என் மகளுக்கு மிகவும் பிடித்தது வெளியே இருந்த வார்ப்பெடுக்கும் இடம். மே முதல் அக்டோபர் வரை, பிளாஸ்டர் ஆஃப் பாரிசும் சமையல் எண்ணெயும் வாளியும் கிழிந்த துணியும் நாமே கொண்டுபோனால், அதற்கென விட்டிருக்கும் உண்மையான தடங்களில் வார்ப்பெடுக்க அனுமதிக்கிறார்கள். முதலில் தடத்தைத் துடைத்து எண்ணெய் பூச வேண்டும். அதன் சுற்றே வளையத்தை வைத்து, குழைத்த மாவை ஊற்றி, இறுகும்வரை காத்திருக்க வேண்டும். இறுகும்போது மாவு கதகதவென்று சூடாகும். வார்ப்பைத் தூக்கிப் புரட்டினால், இதுவரை பள்ளமாகவே பார்த்துக்கொண்டிருந்த வடிவம் புடைப்பாக, ஏறக்குறைய ஒரு பாதத்தின் அடிப்பகுதியாகவே கையில் இருக்கும். டீன் கடிதத்தோடு வார்ப்பையும் ஏன் அனுப்பினார் என்பது அதைக் கையில் பிடித்தவர்களுக்கு உடனே விளங்கும். சொல்லால் ஐயத்தைத் தீர்க்க முடியாத இடத்தில் அந்த எடை தீர்த்துவைக்கிறது.

ஹோலியோக்கில் வார்ப்பெடுக்க அனுமதி கிடையாது. எடுக்கவும் கூடாது, ஏனெனில் எண்ணெயும் மாவும் திறந்த பாறையின் துளைகளில் தங்கிவிடும். அங்கே போகிறவர்கள் ஒரு அளவுகோலைத் தடத்தின் அருகில் வைத்து, வெயில் சாய்ந்த நேரத்தில், நேர் மேலிருந்தும் பல கோணங்களிலிருந்தும் படம் எடுக்கலாம். ஒன்றோடொன்று பாதியளவாவது மேற்பொருந்தும்படி எடுத்த படங்களை, இலவச மென்பொருள்களே முப்பரிமாண வடிவமாக்கித் தந்துவிடுகின்றன. சாதாரணக் கைபேசி போதும். நாங்கள் எடுத்த வலது காலின் படங்கள் அப்படி உருவானபோது, நேரில் நான் கவனிக்காத நான்காவது மெத்தையின் மங்கலான விளிம்பு வெளிப்புற விரலில் தெரிந்தது. அந்தப் பாறை ஆண்டுக்காண்டு தேய்ந்துகொண்டிருக்கிறது. இன்று எடுக்கும் படத்தில் இருக்கும் விளிம்பு இன்னும் இருபது ஆண்டுகள் கழித்துப் போகிறவருக்கு இல்லாமல் போகலாம் என்பதால், போகிறவர்கள் அளவுகோலோடு போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.